ஓரக்கோட்டின் இலக்கணம்: எஸ். குணாளனின் ஆட்ட வாழ்க்கை பற்றிய ஒரு திறனாய்வு

பாராட்டு வேறு, திறனாய்வு வேறு. பாராட்டு ஒருவரை மேடையில் நிறுத்தி மாலை சூட்டுகிறது. திறனாய்வோ அவர் செய்த செயலை முன்வைத்துக்கொண்டு, அஃது எவ்வாறு செய்யப்பட்டது, ஏன் அவ்வாறு செய்யப்பட்டது, அதன் நிறை யாது, குறை யாது என்று வினவுகிறது. இலக்கியத்தைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாட்டை நம் ஆசிரியர்கள் நன்கு அறிவர். ஒரு கவிஞரின் பிறந்த ஊரையும் பெற்ற விருதுகளையும் அடுக்கிவிட்டு, இதுவே அவர் கவிதை பற்றிய கட்டுரை என்று ஒரு மாணவர் கொண்டுவந்து நீட்டினால் நாம் ஏற்பதில்லை. ஆயின் விளையாட்டாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது மட்டும் அதே பட்டியலை ஏற்றுக்கொள்கிறோம். 'நம் இனத்திற்குப் பெருமை தேடித் தந்தவர்' என்னும் முத்தாய்ப்பு வரியைக் கண்டதும் மனம் நிறைந்து மதிப்பெண் வழங்கிவிடுகிறோம்.

இப்பழக்கத்தால் இழப்பு யாருக்கு? விளையாட்டாளருக்கு அன்று, அவர் ஆட்டம் ஆடப்பட்டுவிட்டது. இழப்பு மாணவருக்கே. கண்ணால் கண்ட செயலைச் சொல்லால் எடுத்துரைக்கும் பயிற்சியை அவர் இழக்கிறார். இயற்றமிழுக்கு அடிப்படை அந்தப் பயிற்சியன்றோ?

ஆதலின் ஒரு காற்பந்தாட்டக்காரரின் ஆட்ட வாழ்க்கையைப் பாராட்டாகவன்றித் திறனாய்வாகக் காண இக்கட்டுரை முயல்கிறது. நெகிரி செம்பிலான் அணியிலிருந்து எழுந்து, சிலாங்கூருக்கும் ஜொகூருக்கும் நாட்டுக்கும் ஆடிய எஸ். குணாளன் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறார். அவர் வலப்பக்க ஓரத்தின் தாக்குதல் ஆட்டக்காரர். திடலில் நம் பிள்ளைகள் 'ரைட் விங்' என்று சொல்லும் இடம் அது.

களமும் காலமும்

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் பாரோய் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதி இன்று வீடமைப்புப் பகுதிகளால் நிரம்பிவிட்டது. இங்குதான் நெகிரி செம்பிலான் அணியின் தாய்க்களமாகிய துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் நிற்கிறது. நாட்டின் முதல் மாமன்னராக விளங்கிய, இம்மாநிலத்து ஆட்சியாளரின் பெயரைத் தாங்கிய அரங்கம் அது. ஆட்ட நாள் மாலைகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் மக்கள் வந்து கூடுமிடம்.

இம்மாநிலத்தின் காற்பந்து வரலாறு நீண்ட காத்திருப்பின் வரலாறாகும். 1921-இல் மலாயாக் கிண்ணம் என்னும் பெயரில் தொடங்கிய போட்டியை நெகிரி செம்பிலான் 1948-இல் வென்றது. அதன்பின் அக்கிண்ணம், இப்போது மலேசியக் கிண்ணம் என்னும் பெயரோடு, மீண்டும் இம்மாநிலத்துக்கு வர 61 ஆண்டுகள் ஆயின. இடையே 2005/06 பருவத்தில் கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோது அணி சூப்பர் லீக்கை வென்றது. எனினும், கிண்ண ஆட்டத்திற்கென்று மக்கள் மனத்தில் உள்ள இடம் தனி. 2009-இல் கிளந்தானை 3-1 எனும் கணக்கில் வென்று அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. 2010-இல் அதே கிளந்தான் 2-1 எனும் கணக்கில் இறுதியாட்டத்தை வென்றது. 2011-இல் திரங்கானுவை 2-1 எனும் கணக்கில் வென்று நெகிரி செம்பிலான் மீண்டும் கிண்ணத்தைத் தூக்கியது. மூன்றாண்டுகளில் மூன்று இறுதியாட்டங்கள். அவற்றுக்கிடையில் 2010-இல் எஃப்.ஏ. கிண்ண வெற்றியும் உண்டு. குணாளனின் இளமைக்கால ஆட்டம் மலர்ந்தது இக்காலத்திலேயாகும்.

ஓரம் என்னும் யாப்பு

ஒருவரின் ஆட்டத்தை மதிப்பிடுமுன் அவர் நின்ற இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வெண்பாவை ஆசிரியப்பாவின் அளவுகோல் கொண்டு அளப்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை ஓரத்து ஆட்டக்காரரை நடுவே நின்று கோலடிப்பவரின் அளவுகோல் கொண்டு அளப்பது.

நடுத்திடலில் நிற்பவருக்கு நான்கு திசையும் திறந்திருக்கும். ஓரத்தில் நிற்பவருக்கோ ஒரு திசை முற்றாக மூடியிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஆட்டமில்லை. அக்கோடு எதிரணிக்குச் சம்பளமின்றி உழைக்கும் ஒரு தற்காப்பாளர் போன்றது. பந்தை அங்கே தள்ளிவிட்டால் போதும், தாக்குதல் முறிந்துவிடும். இந்நெருக்கடிக்குள் நின்றுகொண்டே அவர் மூன்று செயல்களைச் செய்தாக வேண்டும். முதலாவது, தம்மை எதிர்த்து நிற்கும் தற்காப்பாளரைக் கடத்தல். இரண்டாவது, கடந்தபின் தலை நிமிர்ந்து நடுவே வருவோரைக் காணல். மூன்றாவது, அவர்கள் வந்து சேரும் இடத்திற்கு, வந்து சேரும் நேரத்தில், பந்தை அனுப்புதல். முதற்செயலை வேகம் செய்துவிடும். அடுத்த இரண்டையும் வேகத்தால் மட்டும் செய்ய இயலாது. உண்மையில் வேகம் மிகுந்தோறும் அவ்விரண்டும் கடினமாகின்றன. ஓடுகின்ற கால் நிற்காமலே கண் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஓரத்து ஆட்டக்காரரின் செயல் பெரும்பாலும் மற்றொருவரின் பெயரில் நிறைவு பெறுகிறது. இதனைத் தெளிவுறுத்தும் சான்று இங்கிலாந்து நாட்டு வரலாற்றில் உள்ளது. 1953-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பிளாக்பூல் அணி 1-3 எனப் பின்தங்கியிருந்து, போல்ட்டன் அணியை 4-3 எனும் கணக்கில் வென்றது. மூன்று கோல்களை அடித்தவர் ஸ்டான்லி மோர்ட்டென்சன். ஆயினும் அவ்வாட்டம் இன்றளவும் 'மேத்யூஸ் இறுதியாட்டம்' என்றே வழங்கப்படுகிறது. அப்போது 38 வயதான ஸ்டான்லி மேத்யூஸ் வலப்பக்க ஓரத்தில் ஆடியவர். அன்று ஒரு கோலும் அடிக்காதவர். கோலடித்த பெயரை விட்டுவிட்டு, கோலை ஆக்கித் தந்த பெயரை அந்நாட்டு மக்கள் அவ்வாட்டத்திற்கு இட்டார்கள். அதனைத் திறனாய்வு உணர்வுடைய ஒரு பெயரீடு என்று கொள்ளலாம். நம்மிடையே அத்தகைய பெயரீடு எத்தனை உண்டு?

ஓரத்தில் நின்றவர் செய்தது

குணாளனின் ஆட்ட வாழ்க்கையில் முதலிற் கண்ணிற்படுவது அவருடைய வேகம். அவரைப் பற்றி எழுதியோர் பலரும் அதனையே எழுதினர். வேகம் அவருக்குக் கிடைத்த முதல்; அதனை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதே நம் வினா.

2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டின் வியந்தியானில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய இளைஞர் அணி வியட்னாமை 1-0 எனும் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. 1989-க்குப் பின் 20 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. அவ்வணியில் குணாளன் இருந்தார். மறு ஆண்டு, அதே பயிற்றுநரின் கீழ், பெரும்பாலும் அதே இளைஞர்களைக் கொண்ட அணி ஆசியான் வெற்றியாளர் கிண்ணப் போட்டிக்குச் சென்றது. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அத்தோல்வியோடு அவ்வணியை எழுதி முடித்துவிட்டவர் பலர். ஆயினும் அரையிறுதியில் நடப்பு வெற்றியாளராகிய வியட்னாமைக் கோலாலம்பூரில் 2-0 என வென்று, ஹனோயில் 0-0 எனச் சமன் செய்து, அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தது. 2010 டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0, மூன்று நாள் கழித்து ஜக்கார்த்தாவில் 1-2, மொத்தம் 4-2. அக்கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதன்முறை.

இந்த ஆட்டங்களை நினைவுகூர்வோர் சபி சாலியின் கோல்களை நினைவுகூர்வர். அது நேர்மையான நினைவே. ஆயினும் திறனாய்வாளர் நோக்க வேண்டியது வேறோர் ஆட்டமாகும். ஒரு கோலும் விழாத ஹனோய் ஆட்டம் அது. இரண்டு கோல் முன்னிலையோடு எதிரியின் திடலுக்குச் செல்லும் அணியில் ஓரத்து ஆட்டக்காரரின் பணி தலைகீழாக மாறுகிறது. முன்னே ஓடுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கால்கள் பின்னே ஓட வேண்டும். எதிரணியின் பக்கவாட்டுத் தற்காப்பாளர் முன்னேறும்போதெல்லாம் அவரோடு கூடவே இறங்க வேண்டும். பந்தைத் தொடும் வாய்ப்பும் குறைவு, கைத்தட்டும் இல்லை. அன்று இரு ஓரங்களும் காக்கப்பட்டமையாலேதான் பின்னர் புக்கிட் ஜாலிலில் கொண்டாட்டம் நிகழ முடிந்தது. குணாளனின் பிற்கால ஆட்டத்தின் விதை இத்தகைய பணியில் இருக்கிறது என்பது என் கருத்து.

அடுத்து வருவது 2011-ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டம். திரங்கானு முதலில் கோலடித்து முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிய பத்து நிமிடமளவே இருந்தபோது ஹைருடின் ஓமார் சமன் செய்தார். அடுத்த சில நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் குணாளன். பெரும்பாலும் பிறர் கோலுக்குத் துணை நிற்கும் இடத்தில் ஆடியவர், தம் மாநிலத்திற்கு மிகத் தேவையான நேரத்தில் தாமே முடித்து வைத்தார். அவருடைய கோல் கணக்கு பெரிதன்று. ஆயினும் அக்கணக்கில் இந்த ஒன்று இருக்கிறது. 61 ஆண்டு காத்திருந்த மாநிலம் மூன்றாண்டுக்குள் இருமுறை கிண்ணம் பெற்றதற்கு, இரண்டாம் முறை முத்திரையிட்டது அவர் கால்.

ஆயினும், இக்கோலைக் கொண்டு மட்டும் அவரை அளப்போமானால், நாம் முன்னர்க் கண்டித்த பிழைக்கே திரும்பிவிடுவோம். நாடகத்தன்மை மிக்க அந்நொடி அவர் கலையின் உச்சமன்று. அவர் கலைக்குக் கிடைத்த பரிசு. அவருடைய கலை அதற்கு முன்னும் பின்னும், பந்து தம் காலில் இல்லாத நேரங்களில் அவர் ஓடிய ஓட்டங்களில் உள்ளது.

முன்னிருந்து பின்னுக்கு

2012-இல் குணாளன் சிலாங்கூருக்குச் சென்றார். பின்னர் ஜொகூர் டாருல் தக்சிம் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் 2014 தொடங்கி ஆண்டு தவறாமல் சூப்பர் லீக்கை வென்று வந்தது. 2015 அக்டோபர் 31-இல் தாஜிக்கிஸ்தான் நாட்டின் டுஷான்பேயில் இஸ்திக்லோல் கழகத்தை 1-0 என வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைப் பெற்றது. தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. அவ்வெற்றிகளின் காலத்தில் குணாளன் அக்கழகத்தவர். இக்கட்டத்தில் அவருடைய இடம் மாறியது: வலப்பக்கத் தாக்குதலில் ஆடியவர் வலப்பக்கத் தற்காப்புக்கு இறங்கினார்.

இம்மாற்றத்தைப் பற்றி இருவகைக் கருத்து எழக்கூடும். ஒன்று, இது சரிவு என்பது. முன்னே பறந்தவர் சிறகு மடக்கிப் பின்னே நின்றார், வயதும் போட்டியும் அவரைப் பின்தள்ளின என்பர். கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் தாக்குதல் இடங்களுக்கே வாங்குகின்றன. உள்நாட்டவருக்கு எஞ்சுவது பின்வரிசையே என்னும் வாதத்தில் உண்மை உண்டு. மற்றொன்று, இது வளர்ச்சி என்பது. இவ்விரண்டில் எது ஏற்புடையது என்று துணிய, ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அணிகள் இரண்டு தற்காப்பாளர், மூன்று இடைநிலையர், ஐந்து தாக்குதலாளர் என்று நின்றன. ஐவருள் இருவர் ஓரங்களுக்கே உரியவர். 1966-இல் ஆல்ஃப் ராம்சியின் இங்கிலாந்து அணி ஓரத்துத் தாக்குதலாளர் இன்றியே உலகக் கிண்ணத்தை வென்றது. நான்காண்டுக்குப் பின், 1970 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் அடித்த நான்காவது கோல் ஒரு புதிய பாடமாயிற்று. வலப்பக்கத்துத் தாக்குதலாளர் ஜைர்ஸின்யோ உள்ளே நகர்ந்து, தம்மைக் காத்தவரையும் இழுத்துச் சென்றுவிட்டார். வெறுமையான அவ்வோரத்தில் பின்னிருந்து ஓடிவந்த வலப்பக்கத் தற்காப்பாளர் கார்லோஸ் அல்பெர்த்தோ, பெலே உருட்டித் தந்த பந்தை வலைக்குள் அடித்தார். ஓரம் மறையவில்லை, அதற்கு உரியவர் மாறினார். அதன்பின் வந்த காலம் முழுதும், ஓரத்தை ஆளும் பொறுப்பு மேன்மேலும் பின்னிருந்து வருபவர் கைக்குச் சென்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, குணாளனின் இடமாற்றம் ஆட்டத்தின் வரலாற்றையே ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் சுருக்கிக் காட்டுகிறது. அவர் ஓடிய கோடு மாறவில்லை. ஓட்டம் தொடங்கிய இடம் பின்னுக்கு நகர்ந்தது. முன்பு முப்பதடியில் செய்ததை இப்போது திடலின் முழு நீளத்திலும் செய்ய வேண்டும். செய்துவிட்டுத் திரும்பியும் வர வேண்டும். வேகத்தை மட்டும் நம்பியவரால் இது இயலாது. எப்போது ஏறுவது, எப்போது ஏறாமல் நிற்பது என்னும் தீர்ப்பு இதற்கு வேண்டும். தம் பழைய இடத்தில் நிற்கும் எதிரணி இளைஞர் என்ன எண்ணுகிறார் என்பதை, அவ்விடத்தில் பல்லாண்டு நின்ற ஒருவர் அறிவது எளிது. அந்த அறிவே பிற்காலக் குணாளனின் தனிச்சொத்து.

நம் புறப்பொருள் மரபு இதனைப் புரிந்துகொள்ளத் துணை செய்கிறது. தும்பைத் திணையில் எருமை மறம் என்றொரு துறை உண்டு. தன் படை பின்னிடும்போது அதன் பின்னே தனித்து நின்று, தொடர்ந்து வரும் பகைவரைத் தடுக்கும் மறவனைப் பாடுவது அது. முன்னணியில் பாய்பவனுக்கு மட்டுமே புகழ் என்று நம் முன்னோர் கருதவில்லை. பின்னணி காத்தவனுக்கும் பெயரிட்டு, துறை வகுத்து, பாடல் தந்தனர். இத்துறையை வகுப்பில் விளக்கும் நாம், திடலில் அதனைக் காணும்போது 'சரிவு' என்போமாயின், நம் இலக்கணக் கல்வி ஏட்டோடு நின்றுவிட்டது என்றே பொருள்.

குறையும் உண்டு

திறனாய்வு குறையைக் கூறாது போகுமாயின் அது மீண்டும் பாராட்டுரையாகிவிடும். முன்னர்க் கூறிய மூன்று செயல்களில், கடத்தலில் குணாளன் நாட்டின் சிறந்தோருள் ஒருவர். பந்தை நடுவே அனுப்பும் மூன்றாம் செயலில் அவரை அவ்வளவு உயர்வாக வைத்தல் இயலாது. ஓட்டத்தின் எழுச்சிக்கு முடிவின் துல்லியம் எப்போதும் ஈடாக நின்றதில்லை. சில வேளைகளில் தற்காப்பாளரைக் கடந்தபின்னும் கால் தணியாமல், பந்து கூட்டத்தைத் தாண்டிச் சென்றுவிடும்.

இக்குறை அவர் ஒருவருடையது மட்டுமன்று. விரைந்தோடும் சிறுவனைக் கண்டவுடன் ஓரத்தில் நிறுத்தி, 'ஓடு' என்று மட்டும் சொல்லித் தரும் நம் பள்ளித் திடல்களின் குறையும் ஆகும். ஓடத் தெரிந்தவனுக்கு ஓட்டம் கற்பிக்க வேண்டுவதில்லை. நிற்கவும், பார்க்கவும், அளந்து அனுப்பவும் கற்பிக்க வேண்டும். பத்து வயதில் கற்பிக்கப்படாதது இருபத்தைந்து வயதில் எளிதில் கைவருவதில்லை. அந்நிலையிலும் தற்காப்பின் நுட்பங்களைப் பின்னாளில் கற்றுத் தேர்ந்தார் என்பது அவர் கற்கும் திறனுக்குச் சான்று.

பெருமை என்னும் திரை

இனி, 'நம்மவர்' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தபோது நாடே வருந்தியது. பின்னர் ராஜகோபால், தேவன் முதலிய பயிற்றுநர்கள் வந்தனர். இந்த வரிசையில் குணாளனை வைத்து மகிழ்வது இயல்பே. தோட்டத்துத் திடல்களில் பந்தை உதைத்து வளர்ந்த ஒரு சமூகத்திற்கு அம்மகிழ்ச்சியை யாரும் மறுத்தல் கூடாது.

ஆனால் பெருமை ஒரு திரையாகவும் அமைந்துவிடக்கூடும். வரிசையில் பெயர் சேர்ந்தவுடன் பார்வை ஓய்ந்துவிடுகிறது. ஆறுமுகம் எத்தகைய காவலர், சந்திரன் எவ்வாறு தற்காத்தார் என்பதைச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகளைத் தேடும் மாணவருக்கு நாம் எதனை எடுத்துக் கொடுப்போம்? பெயர்கள் உள்ளன, ஆட்டங்கள் எழுதப்படாமல் போயின. மேலும், 2011 இறுதியாட்டத்தில் ஹைருடின் சமன் செய்திராவிடில் குணாளனின் கோல் வெற்றிக் கோலாகியிராது. 2010-இல் சபி சாலியும் நோர்ஷாருலும் இல்லையேல் கிண்ணமே இல்லை. பதினொருவரின் செயலிலிருந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுத்துப் போற்றுவது, ஒரு தொடரிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிப் பொருள் கூறுவது போன்றது. சொல்லின் அழகு தொடரில் அது நின்ற இடத்தால் விளங்குகிறது. மலாய், சீன, தமிழ் இளைஞர் ஒருவருக்கொருவர் பந்தனுப்பிய தொடரில் வைத்துப் பார்க்கும்போது குணாளனின் அருமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

வகுப்பறைக்கு

இக்கட்டுரை ஆசிரியர்களிடம் வேண்டுவது மிகுதியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின், நெகிரி செம்பிலானிலும் பிற மாநிலங்களிலும் பல தமிழ்ப்பள்ளிகள் மாணவர் குறைந்து நிற்கின்றன. பதினொருவரைச் சேர்த்து ஓரணி அமைக்கவே இயலாத பள்ளிகள் உள்ளன. தோட்டத்து நிலத்தில் இருந்த திடல், நிலம் கைமாறும்போது அதனோடு போய்விடுகிறது. இவற்றையெல்லாம் கட்டுரையால் மீட்க முடியாது. ஆனால் கண்ணைப் பயிற்றத் திடல் வேண்டுவதில்லை, பதினொருவரும் வேண்டுவதில்லை.

ஆட்டம் ஒன்றைக் காணும் மாணவரிடம், பத்து நிமிடம் பந்தைப் பாராமல் ஓரத்தில் நிற்கும் ஒருவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் செய்தவற்றை வினைச்சொற்களாக மட்டும் எழுதச் சொல்லுங்கள்: நின்றார், திரும்பினார், கையசைத்தார், இறங்கினார், காத்திருந்தார், ஓடினார், பந்து வரவில்லை, திரும்பி நடந்தார். 'மின்னல் வேகத்தில்', 'புலியெனப் பாய்ந்து' ஆகிய தேய்ந்த தொடர்களை அன்று ஒரு நாள் விலக்கி வைக்கட்டும். அப்பத்து நிமிடத்தில் பந்து அவரிடம் ஒருமுறையோ இருமுறையோதான் வந்திருக்கும். எஞ்சிய நேரத்தில் அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று எழுதத் தொடங்கும்போது, மாணவரின் உரைநடை தானே நிமிரக் காண்பீர்கள். அம்மாணவரே நாளை ஒரு சிறுகதை மாந்தரின் சிறு அசைவையும் கவனிப்பார்.

முடிவாகக் கூறுவதாயின், எஸ். குணாளனின் ஆட்ட வாழ்க்கை வேகத்தில் தொடங்கி விவேகத்தை நோக்கிச் சென்ற ஒன்று. கோலால் அளந்தால் அது சிறிதாகத் தோன்றும். விருதால் அளந்தால் அவரோடு ஆடிய பலருக்கும் பொதுவானதாகத் தோன்றும். ஒரு பக்கம் மூடிய ஓரத்தில் நின்று, முன்னும் பின்னும் அக்கோட்டை முழுதாக ஆண்டு, இடம் மாறியபோது முணுமுணுக்காமல் புதிய இடத்தின் இலக்கணத்தையும் கற்றுக்கொண்ட உழைப்பால் அளந்தால்தான் அதன் உண்மையான நீளம் புலப்படும். பாரோய் அரங்கில் அவர் ஓடிய அந்த வலப்பக்க ஓரத்தில் இன்று வேறு இளைஞர்கள் ஓடுகிறார்கள். அவர்களைப் பற்றியாவது, அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, பார்த்து எழுதும் மாணவர்கள் நம் பள்ளிகளிலிருந்து வருதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.